பிள்ளைகளுக்காகக் கட்டிய வண்டி

அமெரிக்காவில் என்னைப் போன்ற செவிலியர்களுக்கு ‘டிராவல் நர்ஸ்’ என்று பெயர். எந்த ஊர் மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறையோ, அங்கே ஏஜென்சி எங்களை அனுப்பும். ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். அது முடிந்ததும் வேறு ஊர், வேறு வார்டு. சம்பளத்தில் குறையில்லை, தங்குமிடம்தான் தொல்லை. 13 வாரத்துக்கு வீடு தருகிறவர்கள் குறைவு. தருகிறவர்கள் கேட்கும் வாடகையோ சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் எங்கள் மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, கணவரும் நானும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டோம். அவருக்குக் கணினி வேலை. இணையம் கிடைத்தால் எங்கிருந்தும் செய்யலாம். ஊர் ஊராக வீடு தேடுவதைவிட வீட்டையே கூட ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்ற யோசனை அப்போதுதான் வந்தது. அது 2018ஆம் ஆண்டின் குளிர்காலம்.

முதலில் போய்ப் பார்த்தது ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளைத்தான். விற்பனைக் களங்களில் அவை வரிசைவரிசையாக நிற்கும். உள்ளே மெத்தை, அடுப்பு, குளியலறை எல்லாம் தயாராக இருக்கும். என் கணவர் அவற்றைக் கவனிக்கவே இல்லை. அலமாரிக் கதவைத் திறந்து, சுவரும் கூரையும் சேரும் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் கரூர்க்காரர். வெறும் சேஸிஸாக வருகிற வண்டிக்கு பாடி கட்டி முழு பஸ்ஸாக அனுப்புவதில் பேர்பெற்ற ஊர் அது. அவருடைய தாய்மாமா அங்கே ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறை முழுவதும் மாமாவுக்கு ரிவெட் எடுத்துக் கொடுத்தும் தகரம் பிடித்தும் வளர்ந்தவர்.

“இந்தச் சுவரு எதுல நிக்குதுன்னு பாரு. மெல்லிசு மரச்சட்டம், மேல ஸ்டேப்ளர் பின். மழையத் தாங்கும். ஒரு லாரி உரசினா தாங்காது. இதுக்குள்ள ராத்திரி தூங்கச் சொல்றியா?” என்றார்.

“பின்ன எதுலதாங்க தூங்கறது?”

பதில் எங்கள் தெருமுனையிலேயே நின்றது. மகள் பல ஆண்டுகள் ஏறிப்போன அதே மஞ்சள் பஸ். மறுநாள் காலை குழந்தைகள் ஏறுகிற நேரத்தில் அவர் நடைபாதையில் நின்று, அதன் பக்கவாட்டையும் கூரை வளைவையும் ரிவெட் வரிசைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் சொன்னார்: “கரூர்ல பாடி கட்டுறவங்க யாராச்சும் இதப் பாத்தா கையெடுத்துக் கும்பிடுவாங்க. இது முழுக்க இரும்புக் கூடு.”

அந்தக் கூட்டுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1920களில் பஸ் உடல்கள் மரத்தால் கட்டப்பட்டன. ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பர்ட் லூஸ் என்ற ஃபோர்டு கார் விற்பனையாளர் தொழிலாளரை ஏற்றிச்செல்ல ஒருவருக்கு மர உடல் கொண்ட பஸ் விற்றார். அது சீக்கிரமே ஆட்டம்கண்டு உடைந்துபோனது. அதைப் பார்த்த லூஸ் 1927இல் தாமே இரும்புச் சட்டம் போட்டு ஒரு பஸ் கட்டினார். இன்று ஃபோர்ட் வேலி நகரில் இயங்கும் புளூ பேர்ட் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த முதல் பஸ் மிச்சிகனில் டியர்போர்ன் நகரத்து ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மஞ்சள் நிறம் வந்தது 1939இல். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் ஒரு மாநாடு கூட்டினார். மாநிலக் கல்வி அதிகாரிகளும் பஸ் கட்டுகிறவர்களும் பெயின்ட் நிறுவன நிபுணர்களும் ஒரு வாரம் கூடி, பள்ளி பஸ்ஸின் நீளம், உயரம், நடைவழி அகலம் என்று 44 தரநிலைகளை வகுத்தார்கள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், அதன்மேல் கறுப்பு எழுத்து தெளிவாகப் படிய வேண்டும் என்பதற்காக இந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1977 ஏப்ரல் 1 முதல் கூட்டாட்சி அரசின் பாதுகாப்பு விதிகள் இன்னும் இறுகின. பஸ்ஸின் வெற்று எடையைப் போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரைமேல் அழுத்தினாலும் அது 5⅛ அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. அந்த நிலையிலும் அவசர வழிகள் திறக்க வேண்டும். தகடுகள் சேரும் இணைப்புகளுக்குத் தனி வலிமை விதி, இருக்கைகளுக்குத் தனி விதி. பக்கவாட்டில் நீளமாக ஓடும் கறுப்புப் பட்டைகளைப் பலரும் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். பக்கத்திலிருந்து மோதல் வந்தால் தாங்குவதற்கான இரும்புப் பட்டைகள் அவை. ஒன்று தரை மட்டத்தில், ஒன்று இருக்கை மட்டத்தில், ஒன்று ஜன்னலுக்குக் கீழே. விபத்து நடந்த இடத்துக்கு வரும் தீயணைப்பு வீரருக்கு உள்ளே குழந்தை எந்த உயரத்தில் இருக்கும் என்பதையும் அவை காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு வேறு வண்டி வேண்டாம் என்று தோன்றியது. ஒரு தேசம் தன் பிள்ளைகளை நினைத்து இழைத்து இழைத்துக் கட்டிய பொருள் இது. பள்ளி இதைக் கழித்த பிறகும் அந்த அக்கறை இரும்பிலேயே தங்கியிருக்கிறது.

இப்படி யோசித்தவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. 1964இல் எழுத்தாளர் கென் கீஸி வாங்கி, நண்பர்களோடு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை போன ‘ஃபர்தர்’ வண்டி, 1939ஆம் ஆண்டின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பள்ளி பஸ். அவர் வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் அதைக் குடும்பத்துக்கான வீடாக்கி வைத்திருந்தார். 1970, 71இல் ஹிப்பிகளின் ஆன்மிக ஆசான் ஸ்டீஃபன் காஸ்கினைப் பின்பற்றி சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய கூட்டம் பழைய பள்ளி பஸ்களில்தான் டென்னசிக்கு வந்து ‘தி ஃபார்ம்’ என்ற குடியிருப்பைத் தொடங்கியது. வீடு எழும்பும்வரை பலர் அந்த பஸ்களிலேயே குடியிருந்தார்கள். இப்படி வீடாக்கிய பஸ்ஸை அமெரிக்கர்கள் செல்லமாக ‘ஸ்கூலி’ என்கிறார்கள்.

அமெரிக்கச் சாலைகளில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பள்ளி பஸ்கள் ஓடுகின்றன. பல பள்ளி மாவட்டங்கள் 12, 15 ஆண்டு ஆனதும் வண்டியைத் தினசரித் தடத்திலிருந்து எடுத்துவிடும். இன்னும் சில ஆண்டு ஸ்பேராக வைத்திருந்துவிட்டு, உபரி என்று அறிவித்து இணைய ஏலத்தில் விடும். ஏலத்தில் கேட்கிறவர்களும் பலவிதம். தேவாலயங்கள் உண்டு, பண்ணைகள் உண்டு. குவாத்தமாலாவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் உண்டு. அங்கே இதே பஸ்கள் பளபளக்கும் வண்ணம் பூசி ஊர் ஊராக ஓடுகின்றன. எங்களைப் போல் வீடு தேடுகிறவர்களும் உண்டு.

தேடத் தொடங்கும் முன் எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். வேனை நீட்டிக் கட்டிய சின்ன பஸ் எங்களுக்குப் போதாது. இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ‘நாய் மூக்கு’ வகை ஒன்று. முகம் தட்டையாக, இன்ஜின் முன்னாலோ பின்னாலோ உள்ள வகை இன்னொன்று. தட்டை முகத்தில் உள்ளிடம் அதிகம். ஆனால் நாய் மூக்கு வண்டியில் பானட்டைத் தூக்கினால் இன்ஜின் முழுவதும் கைக்கு எட்டும். வழியில் எந்த ஊர் மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். நாங்கள் அதையே தேர்ந்தோம்.

அடுத்தது இன்ஜின். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2004இலும் 2007இலும் 2010இலும் படிப்படியாகக் கடுமையாயின. காற்றுக்கு அது நல்லது. ஆனால் அந்த விதிகளுக்காக அவசரமாக மாற்றிய முதல் தலைமுறை இன்ஜின்கள் சிலவற்றில் கோளாறு அதிகம். பழசாக வாங்குகிறவர்தான் அந்தச் செலவைச் சுமக்க வேண்டும். அதனால் 2004க்கு முந்தைய வண்டி என்று வைத்துக்கொண்டோம். கம்மின்ஸின் 5.9 லிட்டர் இன்ஜினும் இன்டர்நேஷனலின் டிடி466ம் எங்கள் பட்டியலில் மேலே இருந்தன. டிடி466 ஆறு சிலிண்டர் கொண்ட 7.6 லிட்டர் இன்ஜின். தேய்ந்தால் வண்டியிலிருந்து இறக்காமலே சிலிண்டர் ஸ்லீவை மாற்றிப் புதுப்பிக்கலாம்.

கியர்பாக்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆலிசன் ஏடி545 வேண்டாம். சமதளத்தில், நகரத்துக்குள் நின்று நின்று போக அது நல்ல பெட்டிதான். ஆனால் அதன் டார்க் கன்வெர்ட்டரில், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிடையாது. கனமான வீட்டை ஏற்றிக்கொண்டு மலையேறினால் சூடாகிவிடும். எங்கள் மனத்தில் இருந்ததோ மலைகள் நிறைந்த மாநிலங்கள்.

ஒஹாயோவில்தான் முதலில் தேடினோம். அங்கே எங்களைத் துரத்தியது உப்பு. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத்தண்ணீர் அடியில் போய் இரும்பைத் தின்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் பளபளவென்று இருக்கும். என் கணவர் அடியில் படுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தின்னப்பட்ட இடம் மொத்தென்று கேட்கும். படிக்கட்டின் அடி, பின்சக்கர வளைவு, தரைத்தகடு சுவரோடு சேரும் மூலை, பிரேக் குழாய்கள் — இந்த நாலு இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு விற்பனையாளரிடம் இருந்த பஸ்ஸின் அடிப்பாகம் முழுக்கப் புதிதாகத் தார் போன்ற கறுப்புப் பூச்சு. கணவர் விரலால் அழுத்தினார். செதில் செதிலாகக் கையோடு வந்தது. “மேக்கப்,” என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தார்.

அதனால் தெற்கே போவது என்று தீர்மானித்தோம். உப்பு போடாத மாநிலங்களில் கவனிக்க வேண்டியது வேறு. வெயிலில் ரப்பர் வெடித்திருக்கும். ஜன்னல் ஓரத்திலும் கூரை மடிப்பிலும் மழை கசிந்திருக்கும். இருந்தாலும் அடித்தளம் பிழைத்திருக்கும். 2019 வசந்தத்தில், தெற்கு ஜார்ஜியாவின் ஒரு சிறிய கவுன்டியில் பள்ளி மாவட்டம் மூன்று பஸ்களை ஏலத்துக்கு அறிவித்திருந்தது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்து பார்க்கலாம், எடுத்தால் உள்ளது உள்ளபடி எடுக்க வேண்டும் என்பது விதி. தொலைபேசியில் பேசிய மெக்கானிக்கிடம் என் கணவர் ஒன்று கேட்டுக்கொண்டார்: நாங்கள் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் உண்மையான உடல்நிலை தெரியும். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் பல குறைகள் மறைந்துவிடும். “நீங்கள் கேட்காவிட்டாலும் கிளப்பியிருக்க மாட்டேன்,” என்றார் அவர்.

பஸ்கள் நின்ற பட்டறையை அங்கே ‘பஸ் பார்ன்’ என்கிறார்கள். மெக்கானிக் அறுபதைத் தாண்டியவர். மூன்று வண்டிகளையும் சுற்றிக் காட்டினார். முதலாவதைக் காட்டி, “இதை வாங்காதீர்கள். கியர்பாக்ஸ் போகப்போகிறது,” என்றார். இரண்டாவதில் தரை நனைந்து ஊறியிருப்பதையும் அவரே சொன்னார். மூன்றாவதன் பக்கத்தில் நின்று, “இதன் காகிதங்களை முதலில் பாருங்கள். அப்புறம் வண்டியைப் பாருங்கள்,” என்றார்.

அலுவலக அறையில் இரும்பு அலமாரி. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு கோப்பு. அவர் எடுத்துத் தந்தது ஒரு கை தடிமன் இருந்தது. கணவர் வண்டியிடம் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பது என் தொழில். இதையும் அப்படித்தான் படித்தேன்: தேதி, மைல், என்ன குறை, என்ன செய்தது, யார் செய்தது. 2000ஆம் ஆண்டின் இன்டர்நேஷனல் 3800 சேஸிஸ், ஆர்க்கன்ஸாவின் கான்வே நகரில் ஆம்டிரான் கட்டிய பாடி, டிடி466இ இன்ஜின், லாக்கப் உள்ள ஆலிசன் எம்டி3060 கியர்பாக்ஸ், 72 குழந்தைகளுக்கான இருக்கைகள். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆயில் மாற்றமும் பதிவாகியிருந்தது. பிரேக் ஷூ, வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் என்று மாற்றிய ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் கூரை மடிப்புகளுக்குப் புதிதாகப் பசை வைத்திருந்தார்கள்.

ஒரு பதிவு மட்டும் எனக்குப் புரியவில்லை. ‘கூலண்ட் பட்டை, சரி’ என்று சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தது. கேட்டேன். டிடி466இன் ஸ்லீவுகள் நேரடியாகக் கூலண்டில் முங்கியிருப்பவை என்று விளக்கினார். இன்ஜின் அதிரும்போது ஸ்லீவின் வெளிப்பக்கத்தில் நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கும். அந்த வெடிப்பு இரும்பைக் கொஞ்சங் கொஞ்சமாக அரித்து ஓட்டை போட்டுவிடும். அதைத் தடுக்கக் கூலண்டில் ஒரு ரசாயனம் சேர்க்க வேண்டும். அளவு குறையாமல் இருக்கிறதா என்று நிறம் மாறும் காகிதப் பட்டையை முக்கிப் பார்க்க வேண்டும். செய்யாமல் விட்டால் உடனே ஒன்றும் ஆகாது. பல ஆண்டு கழித்து ஒருநாள் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கும். அப்போது அந்த வண்டி வேறொருவர் கையில் இருக்கும்.

“இவ்வளவு சின்ன விஷயத்தையும் எழுதி வைத்திருக்கிறீர்களே?” என்றேன்.

“அடுத்த முறை இந்தக் கோப்பைத் திறக்கிறவன் நானாக இல்லாமலும் போகலாம். அவனுக்கு என்ன தெரிய வேண்டுமோ அது இதில் இருக்க வேண்டும்,” என்றார்.

வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நாங்கள் எழுதி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். அந்தக் கணத்தில் எனக்குள் முடிவு விழுந்துவிட்டது. மீதிச் சோதனைகளையும் ஒன்றுவிடாமல் செய்தோம். வேலை என்று வந்தால் முறைப்படி செய்ய வேண்டும்.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன்; சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் தயங்காமல் கிளம்பியது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை; சூடேறியதும் நின்றுவிட்டது. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். பிறகு ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அதன்மேல் தலைகீழாக வைத்தார் கணவர். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் காற்று மூடியைத் தள்ளிவிடும். அது லேசாக நடுங்கியதோடு சரி. கியர்பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டெடுத்தோம். நல்ல சிவப்பு; கருகல் வாடை இல்லை.

ஏர் பிரேக்குக்குத் தனிச் சோதனை. காற்றழுத்தம் 120 பிஎஸ்ஐக்கு ஏறி நின்றதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்தபடியே வைத்திருந்தால் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு மிதித்து மிதித்து அழுத்தத்தைக் குறைத்தால், 60ஐ நெருங்கும்போது எச்சரிக்கை ஒலி வர வேண்டும். இன்னும் இறங்கினால் நிறுத்து பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றும் நடந்தன. டயர்களின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணையும் படித்தோம். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பின் டயர்கள் சில ஆண்டு தாங்கும். முன் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

கடைசியாக, மெக்கானிக்கின் அனுமதியோடு இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்து சொல்வார்கள். எந்த உலோகம் கூடியிருக்கிறதோ அதைக் கொண்டு எந்தப் பாகம் தேய்கிறது என்று அறியலாம். கூலண்ட் கலந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் உறவினரின் தவிப்பை வார்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த வாரம் அதை நானும் கொஞ்சம் அறிந்தேன். அறிக்கை சுத்தமாக வந்தது.

ஏலம் ஒரு மாலையில் முடிந்தது. கடைசி நிமிடங்களில் யாராவது விலையை ஏற்றினால் நேரம் தானாக நீளும். இன்னொருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தார். எங்கள் எல்லையை முன்பே காகிதத்தில் எழுதி மேசைமேல் வைத்திருந்தோம். அதற்குக் கொஞ்சம் முன்னால், 4,150 டாலரில் வண்டி எங்களுக்கு விழுந்தது. ஏலத்தளத்தின் கட்டணமும் வரியும் அதற்குமேல்.

வண்டியைக் கொண்டுவருவது அடுத்த வேலை. 26,000 பவுண்டுக்கு மேல் மொத்த எடை மதிப்புள்ள வண்டிக்கு வணிக உரிமம் வேண்டும் என்பது பொது விதி. வீடாக மாறிய பிறகு, சொந்த உபயோகம் என்றால், பல மாநிலங்கள் விலக்கு தருகின்றன. அன்று அது இன்னும் பஸ்தான். ஆகவே உரிமமுள்ள ஓட்டுநர் ஒருவரை அமர்த்திக்கொண்டோம். கணவர் அவர் பக்கத்தில். நான் பின்னால் காரில். டென்னசியும் கென்டக்கியும் சந்திக்கும் இடத்தில், ஐ-75 நெடுஞ்சாலை ஜெலிகோ மலையில் ஏறுகிறது. அங்கே வண்டி வேகம் குறைந்ததே தவிரத் திணறவில்லை. உச்சியில் நிறுத்தியதும் கணவர் ஓடிவந்து கார் ஜன்னலில் சொன்னார்: “டெம்பரேச்சர் முள்ளு இருந்த இடத்துலயே இருந்துச்சு, அம்மணி!”

வந்ததும் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். ‘ஸ்கூல் பஸ்’ என்ற எழுத்தை அழித்து, நிறுத்தச் சொல்லும் கையைக் கழற்றி, சிவப்பு விளக்குகளின் இணைப்பைத் துண்டித்தோம். மஞ்சளை மறைத்து வேறு வண்ணம் பூசினோம். பல மாநிலங்களில் இது கட்டாயம். அந்த விளக்கு மின்னினால் சாலையில் எல்லாரும் நிற்க வேண்டும் என்ற பழக்கம் நீர்த்துப்போனால் பாதிப்பு குழந்தைகளுக்குத்தான். அந்த நிறம் ஓடும் பள்ளி பஸ்களுக்கே உரியதாக இருக்கட்டும் என்று முழு மனத்தோடு பூசினேன்.

மோட்டார் வீடு என்று பதிவு மாற்றுவதற்கும் விதிகள் உண்டு. சமைக்க வசதி, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை, வெப்பமூட்டவோ குளிரூட்டவோ ஏற்பாடு, தொட்டியும் குழாயும் உள்ள குடிநீர், தனி மின் இணைப்பு அல்லது எரிவாயு — இவற்றில் குறைந்தது நாலு நிலையாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன. காப்பீட்டுக்குத்தான் நாளாயிற்று. சில நிறுவனங்கள் பஸ் என்றதும் பேச்சையே முடித்துக்கொண்டன. படங்களும் எடைச்சீட்டும் வேலையின் விவரமும் கேட்டு வாங்கிப் பார்த்த ஒரு நிறுவனம் தந்தது.

இருக்கைகளைக் கழற்றியது எங்கள் இருவர் கைதான். துருப்பிடித்த போல்ட்டுகளை கிரைண்டரால் அறுத்தோம். ரப்பர் விரிப்பையும் அதன்கீழ் இருந்த பிளைவுட்டையும் தூக்கியபோது தரைத்தகட்டில் ஓட்டையே இல்லை. அங்கங்கே மேல்துரு மட்டும். சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு பூசினோம். கூரையை அறுத்து உயர்த்துகிறவர்களும் உண்டு. உயரமானவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம். கணவர் வேண்டாம் என்றார். கூரை வளைவுகளைத் தரைவரை ஒரே இரும்பாக இறக்கியிருக்கிறார்கள், அதை நான் வெட்ட மாட்டேன் என்றார். உள்ளே ஏழரை அடி அகலம். ஒரு பக்கம் அடுக்களை, பின்னால் கட்டில், நடுவில் அவர் வேலை பார்க்கும் மேசை. அடுத்த ஆண்டு முதல் என் ஒப்பந்தங்களுக்கு அதில்தான் போனோம். 2020இல் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, ஷிஃப்ட் முடிந்து வந்து உடைமாற்றிக் குளித்துப் படுக்க, யாருக்கும் நோயைக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் குறைந்த ஓர் இடம் எனக்கு இருந்தது. கணவர் பின்னால் திரை போட்டுத் தனியே படுத்துக்கொள்வார்.

இப்போது பல இளம் தம்பதிகள் எங்களிடம் கேட்கிறார்கள். எந்த இன்ஜின், எத்தனை ஜன்னல், எவ்வளவு விலை என்றுதான் தொடங்குவார்கள். அவையெல்லாம் முக்கியம்தான், மேலே எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ஆனால் நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடம் பேசினீர்களா என்றுதான். தொழிற்சாலையில் ஒரே மாதிரி பிறந்த மூன்று பஸ்கள் ஒரே பட்டறையில் மூன்று விதமாக முதுமையடைந்து நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். வித்தியாசத்தைச் சொன்னது தகரமும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. கோப்புதான்.

பள்ளி பஸ்ஸை வீடாக்குவதைச் சிலர் சுதந்திரம் என்கிறார்கள், சிலர் சிக்கனம் என்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்தச் சுதந்திரம் எங்களுக்கு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அதன் உண்மையான விலையை மற்றவர்கள் முன்பே கொடுத்திருந்ததுதான். இரும்புக் கூடு வேண்டும் என்று நினைத்த கார் விற்பனையாளரும், நிறத்தைக்கூட யோசித்துத் தீர்மானித்த கல்வி அதிகாரிகளும், வரி கட்டி பஸ் வாங்கிய ஒரு சிறிய கவுன்டியின் மக்களும், கூலண்டில் பட்டையை முக்கிப் பார்த்த ஒரு மெக்கானிக்கும் கொடுத்த விலை அது. முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காக இத்தனை பேர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்கள். அந்த வேலையின் மிச்சத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். பழைய பஸ் தேடிப் போகிறவர்கள் அந்த ஒழுங்கு தெரிகிற வண்டியைத் தேடுங்கள். கிடைத்தால் அதே ஒழுங்கோடு வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் பின்னும் யாராவது அதில் ஏறுவார்கள்.